9999 கேம் இருந்தும் நாங்க ஆடுனது ஒண்ணே ஒண்ணுதான்

ரொம்ப வருஷமா சலிக்காம ஆடுற வீடியோ கேம் எது, அதுல எந்த வெர்ஷன் பிடிக்கும்னு கேட்டிருக்கீங்க. டெட்ரிஸ்தாங்க, யோசிக்கவே வேண்டியதில்ல. எந்த வெர்ஷன்ங்கறதுக்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும்.

1998ல சித்திரைத் திருவிழா சமயத்துல மதுரை தமுக்கம் பொருட்காட்சிக்குப் போனப்ப எனக்கும் அக்காவுக்கும் சேத்து அப்பா ஒரு பிரிக் கேம் வாங்கிக் குடுத்தார். டப்பா மேல 9999 இன் 1னு பெருசா போட்டிருக்கும், உள்ள போய்ப் பாத்தா ஒரு பாம்பு, ஒரு கார் ரேஸ், ஒரு டாங்க், மிச்சமெல்லாம் அதே கேமையே ஸ்பீடும் லெவலும் மாத்தி மாத்தி எண்ணிக்கை காட்டியிருப்பான். நாங்க ஆடுனது அந்தக் கட்டை விழற கேம் மட்டும்தான், ஒரு வரிசை இடைவெளி இல்லாம நிரம்புனா அது அழியும், கட்டை மேல வரைக்கும் ஏறிட்டா அவுட். அதுக்குப் பேரு டெட்ரிஸ்னு கூட அப்ப தெரியாது. நீளமா வர்றது குச்சி, சதுரம் பெட்டி, வளைஞ்சு வர்ற ரெண்டும் பாம்பு, அப்புறம் டி, ரெண்டு எல். அவுட் ஆனா கைமாத்தணும், ஸ்கோர் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல ஏறும். பென்சில் பேட்டரி வீக் ஆச்சுன்னா பல்லால ஒரு கடி, மொட்டை மாடி வெயில்ல அரை மணி நேரம், திரும்பப் போட்டா இன்னும் நாலு கேம் வரும்.

ஒருநாள் மாடிப்படில இருந்து அத உருட்டி விட்டுட்டேன். உடையல, ஆனா டிஸ்ப்ளேல கீழ மூணு வரிசை தெரியாமப் போச்சு. கட்டை விழுது, சத்தம் வருது, கோடு அழியுது, ஆனா அடில எங்க ஓட்டை இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. ரிப்பேருக்குக் குடுக்கற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்னு அப்பா சொன்னார், புதுசும் வாங்கல, ரிப்பேரும் பண்ணல, அது எல்லா வீட்லயும் நடக்கறதுதான். எங்க அக்கா என்ன பண்ணுனான்னா அந்த மூணு வரிசையையும் மனசுலயே வச்சுக்கிட்டு ஆட ஆரம்பிச்சா. நான் ஆடும்போதும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு "டேய், எட்டாவது பத்தில ஓட்டை இருக்கு, பெட்டிய அங்க போட்டு மூடிராத"ன்னு கத்துவா. எனக்கு அந்த ஞாபகம் சுத்தமா வராது. நோட்டுல அவ பக்கம் மட்டும் நிறைஞ்சுக்கிட்டே போச்சு.

காலேஜ்ல எமுலேட்டர் (பழைய வீடியோ கேம கம்ப்யூட்டர்ல ஆட வைக்கிற சாஃப்ட்வேர்) போட்டு, நிண்டெண்டோ கம்பெனியோட டிவி கேம் பெட்டிக்கு 1989ல வந்த டெட்ரிஸ ஆடுனப்பதான் ஒரு விஷயம் உறைச்சது. அதே ஏழு கட்டை, அதே பத்துக்கு இருபது கட்டம், ஆனா விதி லேசா மாறுனா கேமே வேற ஆயிருது. நிண்டெண்டோல அடுத்தது என்ன வரும்ங்கறது கிட்டத்தட்ட தாயக்கட்டை உருட்டற மாதிரி, முன்னாடி வந்த அதே கட்டை மறுபடி விழுந்தா மட்டும் இன்னொரு தடவை உருட்டிப் பாக்கும், அவ்வளவுதான், குச்சி வந்து எத்தன நாளாச்சுங்கற கணக்கெல்லாம் அதுக்குக் கிடையாது. வலது ஓரத்துல ஒரு பத்தி காலியா விட்டு, நாலு வரிசையையும் ஒரே குச்சில அழிக்கலாம்னு அழகா அடுக்கி வச்சுட்டுக் காத்திருப்போம், இருபது கட்டை போயும் குச்சி வராது. வறட்சின்னே இதுக்குப் பேரு வச்சிருக்காங்க விளையாடுறவங்க. தண்ணி லாரிக்குக் குடத்த வச்சுட்டு நிக்கற அதே நிலைமைதான்.

2001க்கு அப்புறம் வந்த புது வெர்ஷன்கள்ல இத மாத்திட்டாங்க. ஏழு கட்டையையும் ஒரு பையில போட்டுக் குலுக்கி ஒண்ணொண்ணா எடுத்து, தீந்ததும் அடுத்த பை. அதனால ரெண்டு குச்சிக்கு நடுவுல அதிகபட்சம் பன்னெண்டு கட்டைதான் வரும். கூடவே ஒரு கட்டைய ஓரமா எடுத்து வச்சுக்கற ஹோல்டு, அடுத்த அஞ்சு கட்டை முன்கூட்டியே தெரியும், கட்டை தரையத் தொட்டப்புறமும் நகத்த அரை செகண்ட் டைம். ஆரம்பத்துல எனக்கு இது பிடிக்கல, சின்னப் பசங்களுக்கு ஊட்டி விடற மாதிரி இருந்துச்சு. ஆனா ஆளுக்கு ஆள் போட்டி போடறப்பதான் புரிஞ்சது, தோத்தா இங்க அதிர்ஷ்டத்தக் குத்தம் சொல்ல முடியாது. நான் ரெண்டு வரிசை அழிச்சா எதிராளிக்குக் கீழ இருந்து ஒரு குப்பை வரிசை ஏறும், நாலு அழிச்சா நாலு. ஆனா டி கட்டைய ஒரு பொந்துக்குள்ள கடைசி நொடில திருப்பிச் சொருகி ரெண்டு வரிசை அழிச்சா அதுக்கும் நாலு குப்பை போகும், டி ஸ்பின்னும்பாங்க. இது தெரியாம ஆன்லைன்ல ஒரு மாசம் குச்சிக்கே காத்திருந்து அடி வாங்கினேன்.

போட்டின்னதும் உலக சாம்பியன்ஷிப் ஞாபகம் வருது. 2010ல இருந்து அமெரிக்காவுல நடக்குது, ஆடுறது அந்தப் பழைய நிண்டெண்டோ வெர்ஷன்தான், பழைய டப்பா டிவில. ஜோனஸ் நியூபாயர் ஏழு தடவை ஜெயிச்சவர். 2018 ஃபைனல்ல ஜோசஃப் சேலின்னு ஒரு பதினாறு வயசுப் பையன் அவரத் தோக்கடிச்சான், நான் அத எத்தன தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. தோத்த மனுஷன் முகத்துல துளி கடுப்பு கிடையாது, அந்தப் பையன அப்படிப் பாராட்டுனார். 2021 ஜனவரில ஜோனஸ் இறந்துட்டார், 39 வயசுதான். முன்ன பின்ன பாத்ததே இல்ல, ஆனாலும் அன்னைக்கு வேலையே ஓடல.

அந்த வெர்ஷன்ல லெவல் 29 வந்தா கட்டை மேல இருந்து கீழ வர மூணுல ஒரு செகண்ட்தான், பட்டன அமுக்கிப் பிடிச்சா ஓரத்துக்குப் போய்ச் சேராது, அதோட கேம் முடிஞ்சதுன்னுதான் ரொம்ப வருஷம் நெனச்சாங்க. அப்புறம் பசங்க பட்டனத் துடிதுடிக்கத் தட்டி ஆடுனாங்க. அதுக்கப்புறம் பட்டன் மேல கட்டை விரல சும்மா வச்சுக்கிட்டு, கன்ட்ரோலரோட முதுகுல இன்னொரு கை விரல்களால மிருதங்கம் மாதிரி வரிசையா தட்டுறாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் பட்டன் தானா ஒரு தடவை அமுங்கும். 2023 டிசம்பர்ல வில்லிஸ் கிப்சன்னு பதிமூணு வயசுப் பையன் இப்படியே 157வது லெவல் வரைக்கும் போயி கேமையே உறைய வச்சுட்டான். மனுஷன் தோக்காம கேம் தோத்தது அதான் மொதல் தடவை. நான் அந்தத் தட்டுற வித்தைய ஒரு வாரம் முயற்சி பண்ணேன், விரல் வீங்குனதுதான் மிச்சம்.

சரி, எந்த வெர்ஷன் பிடிக்கும்? ஜப்பான்ல அரிகான்னு ஒரு கம்பெனி 1998ல ஆர்கேடுக்குன்னு, அதாவது காசு போட்டு ஆடுற கடை மெஷினுக்குன்னு, கிராண்ட் மாஸ்டர்னு ஒரு டெட்ரிஸ் வரிசைய ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு கட்டத்துக்கு மேல கட்டை விழாது, வரும்போதே தரையில இருக்கும், நாம அத மேட்டுலயும் பள்ளத்துலயும் தள்ளிக்கிட்டுப் போகணும். 2000ல வந்த ரெண்டாவதுல உச்சப் பட்டம் வாங்கணும்னா கடைசில கேம் செஞ்சவங்க பேர்ப் பட்டியல் ஓடும்போது கண்ணுக்கே தெரியாத கட்டைகள வச்சு ஆடணும், போட்டு நிலைச்ச உடனே கட்டை மறைஞ்சுரும், எங்க என்ன கிடக்குன்னு மனசுல மட்டும்தான் இருக்கும்.

அந்த வீடியோவ மொத தடவை யூடியூப்ல பாத்தப்ப வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். உலகமே வாயப் பொளந்து பாக்கற வித்தை, எங்க வீட்டுத் திண்ணையில எங்க அக்கா மூணு வரிசைக்குப் பண்ணிக்கிட்டிருந்தா. லிங்க அவளுக்கு அனுப்புனேன். பாத்துட்டு "இவன் ஸ்பீடு அதிகம், ஆனா நம்ம செட்டு மாதிரி கை வலிக்காது இவனுக்கு"ன்னு பதில் போட்டா.

2020 லாக்டவுன்ல அவ கோயம்புத்தூர்ல, நான் சென்னையில. பிரவுசர்லயே ஃப்ரீயா ஆடுற டெட்ரியோவுல தனி ரூம் போட்டு டெய்லி ராத்திரி ஒம்போதரைக்கு ஆடுவோம். எனக்கு டி ஸ்பின் தெரியும், 40 வரிசைய 62 செகண்ட்ல அழிப்பேன் (ஒரு நிமிஷத்துக்குள்ள இன்னும் வரல, அத விடுங்க). அவளுக்கு இந்த நுணுக்கம் ஒண்ணும் தெரியாது, ஹோல்டு பட்டன் எங்க இருக்குன்னு கூடக் கேட்டதில்ல. மொத மூணு நாள் நான் வெளுத்து வாங்கினேன். நாலாவது நாள் செட்டிங்ஸ்ல நோண்டி, போட்ட கட்டையெல்லாம் மறையற மாதிரி வச்சுட்டு "இப்ப வாடா"ன்னா. அன்னைக்கு 7-0. கடைசி கேம்ல நான் செத்தப்புறம் போன் பண்ணி, "எட்டாவதுல ஓட்டை இருந்துச்சுல்ல, அங்க ஏன்டா பெட்டிய வச்ச"ன்னு கேக்கறா.