ஆற்றலை அழிக்கவே முடியாது என்றால், அதைச் சேமிக்கச் சொல்வது ஏன்?

‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றலாம்’ என்று எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அந்த வரி முழு உண்மை. ஆனால் கூடவே கற்றுத்தர வேண்டிய இன்னொரு வரியை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நியாயமான இந்தச் சந்தேகம் இத்தனை பேருக்கு வருகிறது. விடுபட்ட அந்த வரி இதுதான்: ஆற்றலின் அளவு குறையாது, பயன்படுத்தக்கூடிய நிலையில் இருப்பது குறைந்துகொண்டே போகும்.

பூட்டிய அறையில் 75 வாட் மின்விசிறி ஓடுகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 75 ஜூல் மின்னாற்றல் உள்ளே வருகிறது. ஒரு பங்கு மோட்டாரின் சுருளையும் பேரிங்கையும் சூடாக்குகிறது. மீதி காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று சுவரில் மோதி, தனக்குள்ளேயே உரசி, வேகம் தணியும்போது அந்த இயக்கமும் வெப்பமாகிவிடுகிறது. ‘விர்ர்’ என்ற ஒலியைச் சுவரும் திரைச்சீலையும் உறிஞ்சுகின்றன, அதுவும் வெப்பம்தான். ஆக, மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, லேசாகச் சூடாக்குகிறது. வியர்வை சீக்கிரம் ஆவியாவதால் நமக்குத்தான் குளுமை தெரிகிறது. 75 ஜூலில் ஒன்றுகூடத் தொலையவில்லை, ஆனால் அதை வைத்து அந்த விசிறியை மறுபடி ஓட்ட முடியாது. ஆற்றில் கரைத்த புளி என்பார்களே, அந்தக் கதைதான்.

இயக்கம் வெப்பமாவதை அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். 1840களில், கீழே இறங்கும் எடைக்கற்களால் துடுப்புகளைச் சுழற்றி, அவை கலக்கிய நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். ஒரு கிலோ நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 4,186 ஜூல் வேண்டும். அதே ஒரு கிலோவை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவும் அவ்வளவுதான் ஆகும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேசைமேல் இருக்கும் டம்ளரில் 200 மில்லி தண்ணீர். அது ஒரே ஒரு பாகை குளிர்ந்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் 837 ஜூல். ஒரு கிலோ கல்லை 85 மீட்டர் உயர்த்தப் போதுமான ஆற்றல்! ஆனாலும் எந்த டம்ளரும் தானாகக் குளிர்ந்து எதையும் தூக்கியதில்லை. கணக்குப்படி ஆற்றல் சரியாக இருந்தும் நடக்காது. ஏனென்றால் அந்த ஆற்றல் கோடானுகோடி மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவாகச் சிதறிக் கிடக்கிறது. எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பித் தள்ளினால்தான் வேலை நடக்கும்.

வெப்பத்திடம் வேலை வாங்க வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும்போதுதான் நடுவில் ஒரு இயந்திரத்தை வைக்கலாம். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்று பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-லேயே காட்டிவிட்டார். 600 கெல்வினில் (சுமார் 327 பாகை செல்சியஸ்) வெப்பத்தை வாங்கி 300 கெல்வினில் (சுமார் 27 பாகை செல்சியஸ்) விடும் இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் பாதிக்குமேல் வேலையாக மாற்றாது. அறை முழுக்க ஒரே சூடு என்றால் அதிலிருந்து கிடைப்பது பூஜ்யம்.

ஆகவே நாம் சேமிப்பது ஜூல்களை அல்ல. நிலக்கரியிலும் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓரிடத்தில் திரண்டிருக்கும் நிலையைத்தான். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 8, 9 வாட் எல்இடி பல்பு தந்துவிடுகிறது. இரண்டின் ஒளியும் கடைசியில் சுவரில் பட்டு வெப்பமாகத்தான் முடியும், ஆனால் ஒரே வெளிச்சத்துக்கு எரிக்க வேண்டிய எரிபொருள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

அறையைச் சூடாக்கும் கம்பிச்சுருள் ஹீட்டரை நூறு சதவீதத் திறன் என்று விற்பார்கள். பொய்யில்லை, வாங்கிய மின்சாரம் அத்தனையும் வெப்பமாகிறது. எனக்கு அது பெரிய வீண்செலவாகவே படுகிறது. அதே ஒரு யூனிட் மின்சாரத்தை, அதாவது 36 லட்சம் ஜூலை, ஹீட் பம்புக்குக் கொடுத்தால் வெளிக்காற்றில் சிதறியிருக்கும் வெப்பத்தை அள்ளி, சுமார் மூன்று யூனிட் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.