வாசகர் கேள்விகள்: சாதனை மான்களும் கள்ளவேட்டையும்

கேள்வி: அமெரிக்காவில் யாரோ சுட்ட மான் சாதனை படைத்ததாக அடிக்கடி செய்தி வருகிறதே, எதை வைத்துச் சொல்கிறார்கள்? எடையா, உயரமா?

பதில்: இரண்டும் இல்லை, கொம்புதான். வெண்வால் மானின் கொம்பை அளக்க பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் வகுத்த முறையைத்தான் அங்கே பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887-ல் தொடங்கிய கிளப் அது. இப்போது புழக்கத்தில் இருக்கும் அளவுமுறை 1950-ல் வந்தது. ஈரம் வற்றும்போது கொம்பு கொஞ்சம் சுருங்கும் என்பதால் குறைந்தது 60 நாள் உலரவிட்டுத்தான் முறையாக அளப்பார்கள். இரண்டு முதன்மைத் தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு இடங்களில் சுற்றளவு, தண்டுகளுக்கு நடுவே உள்ள அகலம், இவை எல்லாவற்றையும் அங்குலத்தில், எட்டில் ஒரு பங்கு வரை பார்த்துக் கூட்டுவார்கள். ஓர் அங்குலமாவது நீளாத முனை கிளையாகவே கணக்கில் வராது.

இதில் இரண்டு பிரிவு உண்டு. சீரான கொம்பு என்ற பிரிவில் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவும் கழிந்துவிடும், முறை தவறி முளைத்த கிளைகளின் நீளமும் கழியும். சீரற்ற பிரிவில் அதே கிளைகளைக் கூட்டிக்கொள்வார்கள். ஒரு கிளை தண்டிலிருந்து நேராக முளைத்ததா, பக்கத்துக் கிளையின் அடியிலிருந்து பிரிந்ததா என்று இரண்டு பேர் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாதாடுவது அதனால்தான், அந்த ஒரு முடிவில் பல அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். மண்டையோடு பிளந்திருந்தால் கிளப் ஏற்பதே இல்லை. பிளந்ததைச் சற்று விரித்து ஒட்டினால் அகலம் கூடிவிடுமே!

கேள்வி: சாதனை என்று ஒருவர் சொன்னால் உடனே ஏன் இத்தனை சந்தேகம்? பொறாமைதானே?

பதில்: பொறாமையும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய கொம்புக்குப் பின்னால் விளம்பரம், மாதிரிக் கொம்பு விற்பனை, கண்காட்சி என்று நிறையப் பணம் இருக்கிறது, அதனால் சாட்சியும் ஆதாரமும் கேட்பது நியாயம்தான் என்பது என் கருத்து. சீரான பிரிவில் உலக சாதனை மிலோ ஹான்சன் 1993 நவம்பரில் கனடாவின் சஸ்காட்செவானில், பிக்கர் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுட்ட மானுடையது, 213 5/8 அங்குலம். அக்கம்பக்கத்தார் பலரும் அந்த மானை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், வேட்டையின்போது அவருடன் ஆட்களும் இருந்தார்கள், கிளப் குழு மறுபடி அளந்தது, கதை நேராக நின்றது. 1998-ல் மிச்சிகனில் ஒரு வில் வேட்டைக்காரர் 216 5/8 என்று சொன்ன மானோ கிளப்பிடம் சாதனைக்கு வரவே இல்லை. அதை உண்மை என்பவர்களும் பொய் என்பவர்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அளக்கக் கொடுத்திருந்தால் பேச்சு அன்றைக்கே முடிந்திருக்கும்.

எனக்கு மனசு வலிக்கும் கதை ஜேம்ஸ் ஜோர்டானுடையது. 1914-ல் விஸ்கான்சினில் ஒரு பெரிய மானைச் சுட்டார், தலையைப் பாடம் செய்யக் கொடுத்தார், வாங்கியவர் ஊரை விட்டே போய்விட்டார், கொம்பும் போயிற்று. ஐம்பது வருஷம் கழித்து மின்னசோட்டாவில் ஒரு பழைய சாமான் விற்பனையில் அது சில டாலருக்குக் கைமாறியது, அளந்தால் 206 1/8! அப்போதைக்கு உலக சாதனை, சுட்டவர் யார் என்று மட்டும் பதிவில் இல்லை. அது தன் மான்தான் என்று ஜோர்டான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். 1978-ல் கிளப் ஒருவழியாக அவர் பெயரைச் சேர்த்தது, அதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்புதான் அவர் இறந்துபோனார். சந்தேகப்படுவது சரி, ஆனால் விசாரணை இப்படி இழுத்தடிக்கக் கூடாது.

கேள்வி: அங்கே மான்கள் ஏராளம் என்கிறார்கள். ஒன்றை உரிமம் இல்லாமல் சுட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: ஏராளம் என்பது தானாக வந்தது இல்லை. 1900 வாக்கில் அமெரிக்காவில் வெண்வால் மான்கள் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தன என்று கணக்கிடுகிறார்கள், கண்மண் தெரியாமல் இறைச்சிக்கும் தோலுக்கும் சுட்டுத் தீர்த்ததால். இன்றைக்குச் சுமார் 3 கோடி. நடுவில் என்ன நடந்தது? வேட்டைக்குப் பருவம் வைத்தார்கள், தலைக்கு இத்தனை என்று வரம்பு வைத்தார்கள், சட்டவிரோதமாகக் கொன்றதை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தினால் மத்தியக் குற்றம் என்று 1900-ல் லேசி சட்டம் வந்தது, 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. அந்தச் செலவைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் உரிமம் வாங்கி, பருவத்துக்குக் காத்திருந்து, பல வருஷம் வெறுங்கையோடு திரும்பிய வேட்டைக்காரர்கள். ராத்திரியில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, கண்ணில் விளக்கடித்து, மான் திகைத்து நிற்கும்போது சுட்டு, தலையை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை அழுகவிட்டுப் போகிறவன் அவர்கள் எல்லோருடைய பொருளையும் திருடுகிறான். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

அபராதமும் லேசானது இல்லை. ஒஹையோவில் வழக்கமான தண்டனை போக, கொம்பின் அளவுக்கு ஏற்ப இழப்பீடும் உண்டு: மொத்த அளவில் 100-ஐக் கழித்து, மீதியை அதே எண்ணால் பெருக்கி, அதை 1.65 டாலரால் பெருக்க வேண்டும். 150 அங்குலக் கொம்பு என்றால் 4,125 டாலர், 200 அங்குலம் என்றால் 16,500. அங்கே 2023-ல் கொல்லப்பட்ட ஒரு பெரிய மான் மாநில சாதனை ஆகும் என்று பேசப்பட்டது. விசாரித்தால், கொன்ற இடம் ஒன்று, சொன்ன இடம் வேறு, நிலத்துக்காரரின் அனுமதியும் இல்லை. 35,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. இப்படி மாட்டுவது அதிசயம் இல்லை, களத்தில் விட்டுப்போன குடலும் வீட்டுச் சுவரில் மாட்டிய தலையும் ஒரே மானுடையதா என்று மரபணு சொல்லிவிடும், போன் எங்கே இருந்தது என்பதும் பதிவாகியிருக்கும், பொம்மை மானை நிறுத்தி அதிகாரிகள் காத்திருப்பதும் உண்டு. ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனால், இதற்காக மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் வேட்டையாட முடியாது, இப்போது அநேகமாக எல்லா மாநிலமும் அதில் இருக்கிறது.

கேள்வி: சுடாமல், செத்துக்கிடந்த மானின் கொம்பைப் பதிவு செய்ய முடியுமா? எடுத்துப் போகலாமா?

பதில்: தாராளமாகப் பதிவு செய்யலாம். சீரற்ற பிரிவின் உலக சாதனையே அப்படி வந்ததுதான், 1981-ல் மிசௌரியில் செயின்ட் லூயிஸ் மாவட்டத்தில் வேலியோரம் செத்துக் கிடந்த மான், 333 7/8 அங்குலம், அந்தக் கொம்பு அரசுடைமை. எடுத்துப்போவது வேறு விஷயம். தானாக உதிர்ந்த கொம்பைப் பல மாநிலங்களில் எடுக்கலாம், சில மேற்கு மாநிலங்களில் அதற்கும் காலக்கெடு உண்டு. மண்டையோடு ஒட்டிய கொம்பு என்றால் பல இடங்களில் அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே சுட்டதாக நினைக்க இடம் உண்டு. தொடாமல் படம் எடுத்துக்கொண்டு, அந்த மாநில வனவிலங்குத் துறைக்கு முதலில் போன் போடுங்கள்.