நூலும் ஊசியும் வாங்கியவர்களுக்கு: கேள்வி-பதில்

ஏப்ரல் விடுமுறைக்கு வீட்டிலிருந்து பின்னத் தொடங்கியவர்கள் பலர் போலிருக்கிறது. இம்முறை கடிதங்கள் எல்லாமே நூலைப் பற்றித்தான்.

மகளுக்குச் சட்டை பின்ன புறக்கோட்டையில் ஆறு உருண்டை வாங்கினேன். போதவில்லை. அதே கடையில் அதே நிறத்தில் இன்னும் இரண்டு வாங்கிப் பின்னினால் கைப்பகுதி மட்டும் வேறாகத் தெரிகிறது. கடைக்காரர் "அதே கலர்தான் அக்கா" என்கிறார். – வெள்ளவத்தை

கலர் அதே கலர்தான், சாயம் போட்ட தடவை வேறு. நூலுக்குத் தொகுதி தொகுதியாகத்தான் சாயம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு லொட் நம்பர் உண்டு, அது உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். நம்பர் மாறினால் நிறம் ஒரு பொட்டு மாறும். கடை டியூப் லைட்டில் அது கண்ணுக்குப் படாது, வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அந்தத் தாளைக் கழற்றி எறிந்துவிட்டு, உருண்டைகளைக் கூடையில் கொட்டி நிறை போட்டு விற்கிறார்கள். என்ன நூல், எத்தனை மீற்றர், எந்த ஊசி, எப்படித் துவைப்பது, எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. நிறையை மட்டும் நம்பவும் முடியாது. டிகே என்ற நடுத்தரத் தடிப்பில் 100 கிராம் அக்ரிலிக் (செயற்கை நூல்) ஏறக்குறைய 290 மீற்றர் வரும், அதே தடிப்பில் பருத்தி 200 மீற்றரை ஒட்டித்தான் வரும். ஒரே நிறைக்குக் காசு கொடுத்து, பாதிச் சட்டையில் நூல் தீர்ந்து நிற்பது வாங்கியவர்தானே? தாள் இல்லாத நூலை, எவ்வளவு மலிவென்றாலும், உடுப்புக்கு வாங்காதீர்கள். கணக்குப் பார்த்து, ஒரு உருண்டை கூடவே ஒரே லொட்டில் எடுங்கள்.

உங்கள் சட்டையைக் காப்பாற்றலாம். கைப்பகுதியையும், பழைய நூல் கிடைக்க உடம்பில் கொஞ்சத்தையும் பிரித்துவிட்டு, பழைய நூலில் இரண்டு வரி, புது நூலில் இரண்டு வரி என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள், வித்தியாசம் கரைந்துவிடும்.

மலிவாகக் கிடைத்ததால் மூன்று கிலோ அக்ரிலிக் வாங்கிவிட்டேன். கொழும்பில் போட என்ன பின்னலாம்? – தெஹிவளை

ஒன்றும் வேண்டாம். அது வேர்வையை உறிஞ்சாது. நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் போர்வை பின்னிக் கொடுங்கள். அடுத்த முறை இந்தக் கேள்வியை வாங்க முதல் கேளுங்கள்.

ஒன்லைனில் "100 வீதம் மெரினோ" கம்பளி என்று விலை கூட்டி விற்றார்கள். வந்த நூல் பிளாஸ்டிக் மாதிரிக் கிறீச்சிடுகிறது. கேட்டால் பதில் இல்லை. – கொட்டாஞ்சேனை

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு விரல் நீள நூலைக் குறட்டில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியென்றால் மயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணியாய் நிற்கும்.

மணியாய் நின்றால் விடாதீர்கள். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தின் ஸ்கிறீன்ஷொட், காசு கட்டிய சான்று, பார்சல் உறை மூன்றையும் பத்திரப்படுத்திவிட்டு, வாங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. நானும் இப்படி ஒரு பக்கத்தில் மூங்கில் ஊசி வாங்கினேன். முனை சிலும்பு சிலும்பாய் எழும்பி ஒவ்வொரு தையலிலும் நூலைக் கிழித்தது, படம் எடுத்து அனுப்பியதும் விற்றவர் என்னை பிளொக் பண்ணிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ரொறொன்ரோவில் பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது. நல்ல கம்பளியில் பின்னி அனுப்பட்டா? – பம்பலப்பிட்டி

அனுப்புங்கள் அம்மா, ஆனால் "சூப்பர்வொஷ்" என்று தாளில் போட்டிருக்கும் கம்பளியாகப் பாருங்கள். கைக்குழந்தையோடு இருக்கிற பிள்ளை எல்லாவற்றையும் மெஷினில்தான் போடுவாள். சாதாரணக் கம்பளி ஒரே துவையலில் சுருங்கித் தடித்துவிடும்.

பிள்ளைகள் விடுமுறையில் போனை விடுகிறார்கள் இல்லை. பின்னல் பழக்க ஒரு கிட் வாங்கலாமா? – மட்டக்குளி

கிட் வேண்டாம், பெட்டிக்குத்தான் காசு. 5 மில்லிமீற்றர் ஊசி ஒரு சோடி, வெளிர் நிறத்தில் வழவழப்பான நூல் இரண்டு உருண்டை போதும். கறுப்பும் பஞ்சு பஞ்சான நூலும் வேண்டாம், தையல் கண்ணுக்குத் தெரியாமல் பிள்ளை அழுதுவிடும். பின்னேரம் காற்று வரும் பக்கமாக பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பின்னுங்கள், அவர்கள் தாமாக வருவார்கள். பாத்திரம் துடைக்கும் சதுரத் துணி முதல் வேலைக்குச் சரி.

வீடியோவில் 8ஆம் நம்பர் ஊசி என்றார்கள். கடையில் 8 கேட்டால் மெல்லியதாய்த் தந்தார்கள். – வத்தளை

அமெரிக்க 8 என்றால் 5 மில்லிமீற்றர், பழைய பிரித்தானிய 8 என்றால் 4. கடையில் மில்லிமீற்றரைச் சொல்லிக் கேளுங்கள். ஊசி பிரிக்காமல் இருந்தால் பற்றுச்சீட்டோடு இன்றைக்கே கொண்டுபோங்கள்.