வாசகர் கேள்வி – பதில்: வெள்ளைத் தொப்பிப் பெண்

கேள்வி: ஐயா, ஹமில்ரனில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்கள் விற்றார்கள். ஐந்து டொலருக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி வாங்கினேன். உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றின் பின்னால் 'கிறிஸ்டல் பீச்' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. ரோலர் கோஸ்ரரில் ஏறும் மேடை. அதில் தாதி உடையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பெண் நிற்கிறாள். இன்னொரு படத்தில் சனம் பிதுங்கும் கப்பல். இது எந்த இடம், எந்தக் காலம்?
– வாசகி, ஹமில்ரன்

பதில்: பென்சில் எழுத்தைவிட அந்தத் தொப்பிதான் பெரிய சாட்சி.

இடம், ஈரி ஏரியின் ஒன்ராறியோக் கரை. கிறிஸ்டல் பீச் பூங்காவில் 1927 இல் 'சைக்ளோன்' என்ற ரோலர் கோஸ்ரரைத் திறந்தார்கள். ஹரி ட்ரேவர் என்பவர் வடிவமைத்தது. நேராக ஓடும் பாதை என்று அதில் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கும் சரிவும் முறுக்கும். இறங்கும்போது மயங்கி விழுபவர்களைக் கவனிக்க மேடையில் ஒரு தாதியை நிறுத்தி வைத்தார்கள். விளம்பரத்துக்கும் அது உதவியிருக்கும் என்பது என் சந்தேகம். தாதி நிற்கிறாள் என்றால் ஏறிப் பார்க்காமல் போக எந்த இளவட்டத்துக்கு மனம் வரும்? 1946 இல் அதை மூடிவிட்டார்கள். ஆகவே உங்கள் படம் 1927க்கும் 1946க்கும் இடையில் எடுத்தது.

கப்பல் பெரும்பாலும் 'கனடியானா'வாக இருக்கும். முன்பக்கத்தில் பெயர் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பூங்கா கனடாவில் இருந்தாலும் கூட்டம் அக்கரையில் இருந்து, அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுத் திருவிழாப் படகு பிடித்தவர்களுக்கு அந்தக் கப்பல் தளத்து நெருக்கடி புரியும். இங்கே ஒரு வித்தியாசம்: கப்பலிலேயே நடனத் தளம் இருந்தது. அந்தச் சேவை 1956 உடன் நின்றது.

நான் போனது 1989 கோடையில். நாட்டுக்கு வந்து இரண்டு வருடம். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சைக்ளோனைப் பிரித்தபோது கிடைத்த இரும்பையும் சேர்த்துக் கட்டி 1948 இல் திறந்த 'கொமெற்' அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்கள் இழுத்து ஏற்றினார்கள். ஏரியை ஒட்டியே பாதை. பெட்டி உச்சிக்கு ஏறியபோது கீழே தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு கண்ணை மூடியவன், இறங்கிய பிறகும் சற்று நேரம் திறக்கவில்லை. கறுவாப்பட்டை வாசத்தில் ஒரு குச்சி மிட்டாய் வாங்கித் தந்து என்னைத் தேற்றினார்கள். அந்த வருடம் செப்ரெம்பரில் வந்த தொழிலாளர் தினத்தோடு பூங்காவையே மூடிவிட்டார்கள். கொமெற்றை ஏலத்தில் வாங்கியவர் நியூயோர்க் மாநிலத்துக்குக் கொண்டுபோனார். 1994 முதல் ஜோர்ஜ் ஏரிக்குப் பக்கத்திலுள்ள பூங்கா ஒன்றில் அது ஓடுகிறது. பழைய இடத்தில் இப்போது வேலி போட்ட வீடுகள்.

மற்றப் படங்களுக்கு ஒரு வழி: வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் சின்னதாக அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் ஐம்பதுகளின் கடைசியோ அறுபதுகளோ. ஆனால் அது படத்தைக் கழுவிய மாதம், எடுத்த மாதம் அல்ல. பின்பக்கத்தில் பேனாவால் எதையும் எழுதிவிடாதீர்கள். தாதியின் படத்தை மட்டும் இரண்டு பக்கமும் பிரதி எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? அவள் சிரிக்கிறாளா என்று நீங்கள் எழுதவே இல்லை.