முதலில் அந்த சேர்

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் மகன் வாரம் 3 நாள் சென்னை ஆபீசுக்குப் போகிறான். மீதி 2 நாள் வீட்டில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டுகிறான். இப்படிச் செய்தால் வேலை ஒழுங்காக நடக்குமா? உடம்பும் மனசும் கெடாதா? – ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: வேலை கிடக்கட்டும் அம்மா, முதலில் அந்த சேர். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற அரை மணி நேரத்துக்குச் செய்த சாமான் அது. உட்காரும் இடம் பின்பக்கம் சரிந்திருக்கும். லேப்டாப்பை எட்ட நுனிக்கு நகர்ந்தால் முதுகுக்கு முட்டு போச்சு. இதைத் திட்டினால் ஷாமியானாக்காரர்கள் கடிதம் போடுவார்கள். போடட்டும். சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உங்கள் மகனின் 'அவுட்புட்'டை அளக்கிற மேனேஜரை ஒரு நாள் இதில் உட்கார வைக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசை சுமார் 75 செ.மீ. உயரம், சேர் அதற்குத் தாழ்வு. சீட்டில் கெட்டியான தலையணை, கால் தொங்கினால் கீழே ஒரு மணை. திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்வரை லேப்டாப்பைத் தடிப் புத்தகங்கள் மேல் ஏற்றி, தனி கீபோர்டும் மவுஸும் மாட்டுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். லேப்டாப்பை ஏற்றுவார்கள், கீபோர்டு வாங்க மாட்டார்கள். தோளைத் தூக்கிக்கொண்டே தட்டினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கரன்ட். இன்வெர்ட்டர் ஓடும், ரவுட்டரில் விளக்கு எரியும், ஆனால் நெட் வராது. கேபிள்காரர் தெருமுனைப் பெட்டியில் வைத்திருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு (வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துத் தரும் கருவி) பேட்டரி இல்லையென்றால் அப்படித்தான். இன்வெர்ட்டர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் கேபிள்காரரைப் பிடியுங்கள். கைவசம் வேறு கம்பெனி சிம் ஒன்றும் இருக்கட்டும். 2011-இல் 'தானே', 2024-இல் 'ஃபெஞ்சல்' என்று புயல்களைப் பார்த்த ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றால், ஆளுக்குத் தகுந்தபடி சொல்கிறது. சீனாவின் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்து கால் சென்டரில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழு 9 மாதம் சோதித்தது. வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். அந்த 13-இல் 9, இடைவேளையும் விடுப்பும் குறைந்து கூடுதல் நேரம் உட்கார்ந்ததால் வந்தது. பிறகு விருப்பத்தைக் கேட்டபோது, தனிமை தாங்காமல் ஆபீசுக்கே திரும்பியவர்கள் பலர். நம் சென்னையிலோ டேட்டா என்ட்ரி ஆட்களை வைத்துச் சோதித்ததில், வீட்டில் வேலை 18 சதவீதம் குறைந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆபீஸ்காரர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் மீதி. அதே சீன நிறுவனம் பின்னாளில் வாரம் 2 நாள் மட்டும் வீடு என்று வைத்துப் பார்த்தபோது வேலைத் தரம் குறையவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆகவே மகன் வேலைக்குப் புதிது என்றால் அந்த 2 நாளும் சென்னைக்கே அனுப்புங்கள். பக்கத்து சீட்டைப் பார்த்துக் கற்கிற வயசு. பழைய ஆள் என்றால் இந்த ஏற்பாடே போதும். மீட்டிங் நடுவில் கொத்தமல்லி வாங்கிவர மட்டும் அனுப்பாதீர்கள்.