கேமரா கேள்வி–பதில்: முதுகில் திரை இல்லாத கேமரா

கே: ஐயா, டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்று யாரைக் கேட்டாலும் லைக்கா என்கிறார்கள். உலகத்தில் வேறு யாருமே செய்வதில்லையா?
– கல்லூரி மாணவர், கோவை

ப: செய்கிறார்கள், தம்பி. ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், ஜன்னலில் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாக்கி நாமே ஃபோகஸ் வைக்கும் கேமரா. லைக்கா அதற்குப் பேர்போன ஜெர்மன் நிறுவனம். பிரான்ஸின் கிழக்கே, சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் பெசன்ஸோன் என்று ஓர் ஊர். அங்கே பிக்ஸி என்ற சின்ன நிறுவனம் இருக்கிறது. டேவிட் பார்த் என்பவர் தொடங்கியது. 2018இல் கேமராவை அறிவித்தார்கள். முதலில் வந்தது 12 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி அளவு (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய) சென்சார். அடுத்து 26 மெகாபிக்சல். 2024இல் பிக்ஸி மேக்ஸ் என்று ஃபுல் ஃபிரேமுக்கே, அதாவது அந்த ஃபிலிம் சட்டத்தின் முழு அளவுக்கே, வந்துவிட்டார்கள். எல்லாமே லைக்காவின் எம் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) லென்ஸ்களை ஏற்கும்.

இந்த வகையில் முதல் டிஜிட்டல் கேமரா லைக்காவுடையது இல்லை. ஜப்பானின் எப்சன் 2004இல் ஆர்-டி1 கொண்டுவந்தது. லைக்கா எம்8 வந்தது 2006இல்தான். எப்சன் அப்புறம் விலகிக்கொண்டது. அதன் பிறகு வெகுகாலம் லைக்கா தனியாகத்தான் நின்றது. அந்த இடத்துக்குள் கையளவு ஆட்களை வைத்துக்கொண்டு ஒருவர் நுழைந்தார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெசன்ஸோன் சாதாரண ஊர் இல்லை. சினிமாவை உலகுக்குக் காட்டிய லூமியர் சகோதரர்கள் பிறந்தது அங்கேதான்: ஓகுஸ்த் 1862இல், லூயி 1864இல். அதைவிட முக்கியம், அது பிரான்ஸின் கைக்கடிகாரத் தலைநகரம். கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நுண்ணிய பற்சக்கரங்களோடு பழகிய கைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர். இந்த ரேஞ்ச்ஃபைண்டர் அங்கே பிறந்தது பொருத்தம்தான். ஏன் என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

கே: இருபது வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். பெரிய ஜப்பான் கம்பெனிகளே இப்போது ரேஞ்ச்ஃபைண்டரைத் தொடுவதில்லை. அப்படி என்ன அதில் கஷ்டம்? ஏன் இவ்வளவு விலை?
– ஸ்டுடியோ உரிமையாளர், நாகர்கோவில்

ப: உங்களுக்கு இதை மேசையில் ஒரு கேமராவைப் பிரித்து வைத்துத்தான் காட்ட வேண்டும். எழுத்தில் முயன்று பார்க்கிறேன்.

கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். ஒன்றின் வழியாக நீங்கள் பார்க்கிறீர்கள். சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொன்று அதே காட்சியை வேறு கோணத்திலிருந்து எடுத்து, பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி வழியாக உங்கள் பார்வையின் நடுவில் ஒரு சின்னச் சதுரமாகப் போடுகிறது. ஃபோகஸ் சரியில்லை என்றால் அந்தச் சதுரத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி, ஒன்றாகும் இடத்தில் ஃபோகஸ் சரி. நம் இரண்டு கண்களும் தூரத்தை அளப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

இதை லென்ஸோடு இணைப்பது எது? ஒரு சின்ன உருளை. மவுண்ட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மேலே தெரியும். லென்ஸின் பின்விளிம்பு அதைத் தள்ளுகிறது. அது ஒரு நெம்புகோலை அசைக்கிறது. நெம்புகோல் உள்ளே இருக்கும் கண்ணாடியைத் துளி திருப்புகிறது. அடிவானத்திலிருந்து 1 மீட்டர் வரை உள்ள எல்லாத் தூரமும் அந்த உருளையின் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுக்குள் அடங்கிவிடுகிறது! அதில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் போதும், கண்ணிமையில் வைத்த ஃபோகஸ் காதுமடலுக்குப் போகத் தொடங்கிவிடும். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.4 அளவுக்கு அகலத் திறந்து 1 மீட்டரில் ஒருவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான்.

ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதை நான் விரல்நுனியில் உணர்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தது. ஒருநாள் பேருந்தில் மடியிலிருந்து நழுவி விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதை நம்பி என் தங்கை மகளின் காதுகுத்துக்கு மூன்று ரோல் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் குழந்தையின் முகம் எல்லாப் படத்திலும் மங்கல், பின்னால் நின்ற மாமாவின் சட்டைப் பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே ஒரு திருகு கால் சுற்று நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கால் சுற்றைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு ஒரு முழு மாலை ஆனது. அந்தப் படங்கள் திரும்பி வரவில்லை.

இது ஃபிலிம் காலத்துக் கஷ்டம். டிஜிட்டலில் இன்னொன்று சேர்கிறது. எம் மவுண்ட்டில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 27.8 மி.மீ.தான். உங்கள் பழைய நிக்கான் எஸ்.எல்.ஆரில் அது 46.5. அதனால் வைட் லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்சாருக்கு வெகு அருகில் வந்து உட்காருகிறது, ஓரங்களில் ஒளி சாய்வாக விழுகிறது. ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொண்டது. சென்சார் பொறுக்காது: மூலைகள் இருளும், நிறம் மாறும். லைக்கா இதற்காகவே தன் சென்சார்களின் ஓரத்தில் இருக்கும் நுண்லென்ஸ்களைச் சற்று நகர்த்தி வைக்கச் சொன்னது. அவ்வளவு பெரிய பெயருக்கே முதல் முயற்சி முழுசாகக் கைகூடவில்லை. எம்8 அகச்சிவப்பு ஒளியைப் பிடித்து, சில கறுப்புத் துணிகளைக் கருஞ்சிவப்பாகக் காட்டியது. கடைசியில் வாங்கியவர்களுக்கு ஃபில்டர் கொடுத்துச் சமாளித்தார்கள்.

இப்போது யோசியுங்கள். ஆட்டோஃபோகஸ் கேமராவை இயந்திரம் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும். இதில் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கண்ணில் வைத்து, இரண்டு உருவமும் சேர்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். விற்பதும் கொஞ்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்? நான் அந்த விலையை நியாயம் என்றே சொல்வேன். எல்லோராலும் கொடுக்க முடியும் என்று சொல்லவில்லை.

கே: பிக்ஸி கேமராவின் பின்னால் திரையே இல்லையாமே! மெமரி கார்டும் கிடையாதாம். எடுத்த படத்தைப் பார்க்க முடியாத டிஜிட்டல் கேமரா எதற்கு?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

ப: பார்க்கலாம், ஆனால் போனில். படங்கள் கேமராவுக்குள்ளேயே சேமிக்கப்படும். வைஃபை வழியாகப் போனுக்கோ, கேபிள் வழியாகக் கணினிக்கோ போகும். ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் முதலானவற்றுக்கு மேல்தட்டில் ஒரு குட்டித் திரை உண்டு. லைக்காவும் 2016இல் எம்-டி என்று திரையில்லாத கேமரா விட்டது. ஆனால் அவர்களுக்கு அது பல மாடல்களில் ஒன்று. பிக்ஸி முதல் நாளிலிருந்தே இதுதான் வழி என்று நின்றது.

நான் இதில் பிக்ஸியின் பக்கம். ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலில், சட்டத்துக்கு வெளியே இருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஒளிரும் கோடுகள் படத்தின் எல்லையைக் காட்டும், கோட்டுக்கு வெளியே சைக்கிளில் வரும் பெரியவர் இன்னும் இரண்டு நொடியில் உள்ளே நுழைவார் என்பதை முன்கூட்டியே பார்க்கலாம். அந்த இரண்டு நொடியில் நீங்கள் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவர் போய்விடுவார். எத்தனை கல்யாணங்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்! தாலி கட்டியதும் எல்லோர் முகமும் கேமராவுக்குள் கவிழ்ந்துவிடும். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். இதில் எலெக்ட்ரானிக் ஷட்டர்தான். சத்தமே இருக்காது, அது நல்லது. ஆனால் இப்போது வருகிற பிக்ஸியின் சென்சார்களில், சில எல்.இ.டி. விளக்குகளுக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். மண்டபத்து வேலைக்கு இதை ஒரே கேமராவாக நம்பிப் போகாதீர்கள்.

கே: வேடந்தாங்கலில் பறவை எடுக்க ரேஞ்ச்ஃபைண்டர் சரிவருமா?
– இல்லத்தரசி, செங்கல்பட்டு

ப: வராது, அம்மா. 90 மி.மீ. தாண்டினாலே அந்த ஜன்னலில் சட்டம் கடுகளவாகிவிடும். 400 மி.மீ. லென்ஸும் ஆட்டோஃபோகஸும் உள்ள மிரர்லெஸ் கேமரா வாங்குங்கள்.

கே: அப்பா வைத்திருந்த ஜூபிட்டர்-8, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. 39 மி.மீ. திருகு வகை. இதை இந்தப் புதுக் கேமராக்களில் போட முடியுமா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

ப: தாராளமாக. திருகு லென்ஸை எம் மவுண்ட்டில் மாட்ட ஒரு மெல்லிய வளையம் கிடைக்கிறது. விலையும் அதிகமில்லை. உருளையைத் தள்ளும் அமைப்பு இந்த லென்ஸிலும் இருப்பதால் ரேஞ்ச்ஃபைண்டர் வேலை செய்யும். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பிக்ஸியில் போட்டால் 75 மி.மீ. போலத் தெரியும், மேக்ஸில் 50ஆகவே இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சோவியத் லென்ஸ்கள் பல, லைக்காவின் அளவோடு முழுசாக ஒத்துப்போவதில்லை. தூரத்தில் சரியாக இருக்கும், கிட்டே வந்தால் பிசகும். சோதிப்பது எளிது. ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, 1 மீட்டர் தள்ளிச் சாய்வாக நின்று, எஃப்/2இல் நடு வரியில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். படத்தில் எந்த வரி தெளிவாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நடு வரி இல்லையென்றால், எத்தனை வரி முன்னே, எத்தனை வரி பின்னே என்று குறித்து எனக்கு எழுதுங்கள். லென்ஸுக்குள் எந்தத் தகட்டை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை அப்பாவின் லென்ஸை யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.