வலி நின்றுவிட்டது, இனியும் போகவேணுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை. இடது பக்கக் கீழ்க் கடவாய்ப்பல் சூத்தை. மூன்று மாதத்துக்கு முன் குளிர்த்தண்ணி பட்டால் மட்டும் கூசும். பிறகு தேத்தண்ணி குடித்தாலும் குத்தத் தொடங்கியது. போன கிழமை மூன்று இரவு நித்திரையே இல்லை. அம்மா கராம்பு வைத்துவிட்டா. பனடோல் மூன்று மூன்றாகப் போட்டேன். கடைப் பொடியன் ஒருவன் தன்னிடம் மிச்சமிருந்த அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லிக் குளிசை நாலைந்து தந்தான். இப்போது நாலு நாளாக வலி அறவே இல்லை. மனைவி பல் வைத்தியரிடம் போகச் சொல்லி விடாமல் நிற்கிறா. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பல்லைப் புடுங்கினால் கண்பார்வை குறையும் என்றும் சொல்கிறார்கள். வலி நின்ற பிறகும் போகத்தான் வேணுமா? மனைவிக்கும் தடிமன் வந்தால் மேல் பல்லெல்லாம் வலிக்கிறதாம். அது என்ன?

— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: போகவேணும் தம்பி. தீபாவளிவரை வைத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள். இந்தப் பக்கத்தை மட்டும் மனைவியின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துவிடுங்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்பதை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டிவரும்.

நீங்கள் மூன்று இரவு நித்திரை இல்லாமல் கிடந்ததைவிட, நாலு நாளாக வலி இல்லை என்று எழுதியதுதான் எனக்குக் கவலை. ஏனென்று சொல்கிறேன்.

பல்லின் வெளியே வெள்ளையாகத் தெரிகிற எனாமல், உடம்பில் உள்ளவற்றிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நரம்பு இல்லை. ஆகவே சூத்தை அதை அரித்துக்கொண்டு போகும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனாமலைத் தாண்டினால் வருவது டென்டீன். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் நடுப்பகுதியை நோக்கி ஓடுகின்றன. அவை திறந்துகிடந்தால், குளிர் பட்டவுடன் சுள்ளென்று ஒரு கூச்சம் வந்து சில விநாடியில் போய்விடும். உங்களுக்கு மூன்று மாதத்துக்கு முன் வந்தது அதுதான். அன்று போயிருந்தால், சூத்தையைச் சுரண்டி எடுத்துப் பல்லை அடைத்து, ஒரே தடவையில் அனுப்பியிருப்பார்கள்.

அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில் ஒரு சின்ன அறை. நரம்பும் இரத்தக்குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. கிருமி அதுவரை போய்விட்டால் அங்குள்ள மென்மையான சதை அழற்சி கண்டு வீங்கப் பார்க்கும். விரலில் சுத்தியல் பட்டால் விரல் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள்ளே நாலு பக்கமும் சுவர். வீங்க வழியில்லாமல் அமுக்கம் ஏறி நரம்பு நெரிபடும். சூடான தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் வலி நின்று குத்துவது இந்தக் கட்டத்தில்தான். படுத்தால் தலைப்பக்கம் இரத்தம் கூடுதலாக வரும், அமுக்கமும் கூடும். பகல் முழுக்கக் கடையில் நின்று சமாளித்த மனிதர் இரவில் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது அதனால்தான்.

பிறகு அந்த நரம்பு செத்துப்போகும். செத்த நரம்புக்கு வலி ஏது? உங்கள் நாலு நாள் நிம்மதி பெரும்பாலும் இதுதான். பல்லுக்குள் கிருமி அப்படியே இருக்கிறது. வேரின் நுனியால் வெளியேறித் தாடை எலும்புக்குள் இறங்கும். அடுத்த தடவை வலி வந்தால் கூச்சமாக வராது. கடித்தால் நோகும், பல் சற்று உயர்ந்து நிற்பதுபோல் இருக்கும், முரசில் சீழ்ப்பரு வரும், கன்னம் வீங்கும். அது நாளைக்கும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். தீபாவளி வியாபாரம் எப்போது முடியும் என்று அது பார்த்துக்கொண்டிருக்காது.

வலி நின்ற பெருமையை அமொக்சிசிலினுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மருந்து எங்கே போவதானாலும் இரத்தத்தோடுதான் போகவேணும். நரம்பு செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை, பிறகு மருந்து எப்படி அங்கே போகும்? முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, கிருமி பரவுகிறது என்றால் வைத்தியர் எழுதித் தருவார். அப்போதும் பல்லைத் திறந்தோ புடுங்கியோ சீழுக்கு வழிவிட்டால்தான் தீரும். ஒருவர் குடித்த மிச்சத்தை இன்னொருவர் குடிப்பதை இத்தோடு விடுங்கள். அந்தப் பொடியனும் தன் மருந்தை முழுதாக முடிக்கவில்லை என்பதும் இப்போது தெரியவந்துவிட்டது.

பனடோலை மூன்று மூன்றாகப் போட்டதற்கு உங்களை ஏசத்தான் வேணும். 500 மில்லிகிராம் குளிசை என்றால், வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகவே கூடாது. கூடினால் ஈரல் பழுதாகும். தடிமனுக்கென்று பாமசியில் வாங்கும் குளிசைகள் பலவற்றிலும் பனடோலில் உள்ள அதே பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். கொழும்பில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லவேணும். பல்வலியோடு காய்ச்சலும் இருந்தால் இபுபுரோஃபன், டைக்குளோஃபெனக், அஸ்பிரின் என்ற வலிக்குளிசைகளின் பக்கமே போகாதீர்கள். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவுக்கு அவை வழி செய்யும். அஸ்பிரினைப் பொடித்துப் பல் ஓட்டைக்குள் வைக்கிறவர்களும் உண்டு. வலி அப்படியே இருக்க, முரசு வெந்துபோனதுதான் மிச்சமாக இருக்கும்.

அம்மாவில் பிழை இல்லை. கராம்பிலுள்ள யூஜினோல் உண்மையிலேயே விறைக்கப்பண்ணும். பல் வைத்தியர்கள் தற்காலிகமாக அடைக்கிற மருந்துகளிலும் அது உண்டு. ஒரு இரவைக் கடத்த அது போதும். எண்ணெயாக ஊற்றினால் மட்டும் முரசு புண்ணாகும்.

கண்பார்வைக் கதைக்கு வருவோம். கண்ணுக்குப் பார்வை தருகிற நரம்பு வேறு, பல்லுக்கு உணர்ச்சி தருகிற நரம்பு வேறு. நானும் முப்பது வருடமாகப் பல் புடுங்கியவன், ஒருவரும் கண் தெரியாமல் கதிரையை விட்டு இறங்கியதில்லை. அந்தக் கதையைக்கூட மேல் பல்லுக்குத்தான் சொல்வார்கள். உங்களுடையது கீழ்ப் பல்!

புடுங்கத்தான் வேணும் என்றும் இல்லை. தட்டிப் பார்ப்பார்கள், குளிர் வைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். பல்லின் சுவர் போதிய அளவு மிஞ்சியிருந்தால் வேர்ச்சிகிச்சை செய்யலாம். செத்த நரம்பை எடுத்து, வேரின் உள்ளே துப்புரவாக்கி அடைப்பார்கள். கடவாய்ப்பல் என்றால் மேலே கிரவுன் என்கிற ஒரு தொப்பியும் போடவேண்டி வரும், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிக்கும். இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டியிருக்கும். தனியாரிடம் செய்வதானால் தொப்பியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று தொடங்கும் முன்னரே கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். செலவு கட்டாது என்றால் கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லை. காத்திருக்க நேரம் வைத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். சீனி வருத்தமோ பிறஷரோ இருந்தால், இரத்தம் உறையாமல் ஏதும் குளிசை குடித்தால், ஊசி போடும் முன் சொல்லிவிடுங்கள்.

சில அறிகுறிகள் வந்தால் காலைவரைக்கும் காத்திருக்கக் கூடாது. தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்குவது, வாய் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலே தள்ளுவது, மூச்சு முட்டுவது. கீழ்க் கடவாய்ப்பல்லின் சீழ் நாக்கின் அடிக்குப் பரவி மூச்சுக்குழலை அடைத்துவிடும். அப்போது பல் வைத்தியரைத் தேடாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து, நேரே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேணும்.

மனைவியின் விஷயம் வேறாக இருக்கலாம். மேல் கடவாய்ப்பற்களின் வேர் நுனிக்கு மேலேதான் மேல்தாடை எலும்பில் சைனஸ் என்கிற காற்றறை. தடிமனில் அது அடைபட்டால் மேல் பற்கள் பல ஒன்றாக நோகும், குனிந்தால் கூடும், தடிமனோடு போய்விடும். ஒரே ஒரு பல் மட்டும் நோகுமானால் அவவும் காட்டவேணும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: படியேறும்போது கீழ்த்தாடை வலித்து, நின்றால் குறைகிறது என்றால் பல்லைச் சந்தேகிக்க வேண்டாம், இருதயத்தைப் பார்க்கவேணும்.

கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பால்தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புறக்கோட்டை எனக்கும் தெரியும், ஐந்தாறு இருக்கும். ஒவ்வொரு தடவை சீனி உள்ளே போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கி அரை மணித்தியாலம் அளவுக்குப் பல்லைக் கரைக்கும். சீனியின் அளவைவிட எத்தனை தடவை என்பதே இதில் பெரிது. இரண்டைச் சீனி போடாமல் குடித்துப் பழகுங்கள், மற்றப் பற்களாவது மிஞ்சும்.

முதலாளியிடம் ஒரு காலைநேரம் லீவு கேட்டால் போதும். காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு பயந்துபோய்க் கதிரையில் ஏறுகிறவர்கள்தான் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிறார்கள்.